பின்னிணைப்பு

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பு இருபது ஆண்டுகளாக ஒரு குறுந்தகட்டில் கிடந்தது. பென்னாகரம், நல்லம்பள்ளி பக்கத்து ஊர்களில் பெண்களிடம் கேட்டுத் தொகுத்த ஒப்பாரிகளும் தாலாட்டுகளும் அவை. ஆய்வேடு பெருத்துவிட்டது என்று அச்சுப்படியில் பாதிக்கு மேல் நீக்கச் சொன்னார்கள். நீக்கினேன். களப்பணி நோட்டுகளைப் பிறகு கரையான் தின்றது. புதுக் கேசட் வாங்கக் காசில்லாததால், எழுதி முடித்த கேசட்டின் மேலேயே அடுத்த ஊரைப் பதிந்திருந்தேன். மிஞ்சியது அந்த ஒரு கோப்புதான். பாடியவர்களில் பலர் இப்போது இல்லை.

பெண் சிசுக்கொலைக்காகச் செய்திகளில் அடிபட்ட மாவட்டம் இது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. அரசு ஆவணங்களில் அந்தக் குழந்தைகள் வெறும் எண்ணிக்கை. பாட்டில்தான் அவர்களுக்கு மூக்கும் முழியும் இருந்தன.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நிற்கப்போகின்றன என்றதும், வீட்டிலிருந்த பழைய கணினியைக் கொடுத்துவிட்டு விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி வாங்கினேன். பாடல்களை நூலாக்கலாம் என்று பதிப்பாளர் ஒருவர் கேட்டிருந்த நேரம். கோப்பைத் திறக்கப் போனேன். எதைக் கொண்டு திறப்பது என்று கணினி என்னையே கேட்டது.

அது பேஜ்மேக்கர் கோப்பு. அந்த நிரலின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். யூனிகோடு அதற்குத் தெரியாது. என்னிடமிருந்த பழைய தகட்டின் நிறுவி 16 பிட் காலத்தது. விண்டோஸ் 11-இல் 64 பிட் தவிர வேறு கிடையாது, அதில் 16 பிட் நிரல்கள் ஓடா. வலது சொடுக்கில் பழைய விண்டோஸ் போல நடிக்கச் சொல்லும் இணக்கப் பயன்முறை ஒன்று உண்டு. அதையும் முயன்றேன். பயனில்லை.

நிரல் கிடைத்தாலும் எழுத்துரு வேண்டும். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. கணினியின் கணக்கில் அங்கே தமிழே இல்லை. அரசு அலுவலகங்களில் பரவலாக இருந்த ‘வானவில் அவ்வையார்’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டியது, எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு ஜே, தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓர் ஏ, ஓவும் ஈயும் ஒட்டிப் பிறந்த ஓர் எழுத்து என்று நிற்கும். நிறுவனத்துக்கு ஒரு முறை என்று இருந்த குழப்பத்தைத் தீர்க்க, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களை ஏற்றது. 2010-இல் யூனிகோடுக்கு வந்தது. எங்கள் ஊர் டிடிபி கடைகளுக்கு இதெல்லாம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அதியமானின் தகடூரில், ஔவை பெயரில் ஓர் எழுத்துரு இருந்தும், பெண்கள் பாடியது ஜே என்றும் ஏ என்றும் கிடந்தது.

கடைசியில் பேருந்து நிலையத்துக்கு அருகில் என் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த அக்காவைத் தேடிப் போனேன். கடை இருந்தது, அவரும் இருந்தார். பேஜ்மேக்கர் தகட்டையும் எழுத்துருக்கள் இருந்த பழைய ஹார்டு டிஸ்க்கையும் டிபன் பாக்ஸில் வைத்திருந்தார். “தூக்கிப் போட மனசு வரல மேடம். எத்தன பேரு தீசிஸ் இதுல இருக்கு!”

கணினி அறிவியல் படிக்கும் மாணவி ஒருத்தி என் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவினாள். கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல ஒரு சன்னலில் வேறொரு இயங்குதளத்தை ஓட்டும் இலவச நிரல் அது. அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி, அதற்குள் பேஜ்மேக்கர், பிறகு எழுத்துருக்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால், உள்ளே இருக்கும் கணினிக்கு இணையம் கொடுக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். கோப்பு திறந்தது. முதலில் பிடிஎஃப் எடுத்தோம். பிறகு உரையை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினோம்.

மாற்றி சரியாகத்தான் வேலை செய்தது. அதன் பிறகு சொல் திருத்தி ‘வவுறு’ வரும் இடமெல்லாம் சிவப்புக்கோடு போட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் மெய்ப்புப் பார்த்தவரும் அங்கேதான் சுழித்திருந்தார். அக்காதான் மாற்றாமல் விட்டவர். “எங்க ஆயாவும் இப்டித்தான் சொல்லும்” என்று அன்று சொன்னது நினைவுக்கு வந்தது.

அன்றிரவு பாடல்களை எண்ணினேன். என் பட்டியலில் 62. கோப்பில் 63. கடைசிப் பாட்டுக்கு ஊர் இல்லை, பாடியவர் பெயர் இல்லை. பிறந்த மூன்றாம் நாள் போன ஒரு பெண் குழந்தைக்கான ஒப்பாரி. நான் அதைக் கேட்டதே இல்லை.

மறுநாள் அக்காவிடம் போனேன். விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். “அது எங்க ஆயா பாட்டு மேடம். எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தாளாம்.”

“அப்பவே ஏன் சொல்லலக்கா?”

“நீங்க ஊரூரா போயிக் கேட்டீங்க. என்னக் கேக்கலியே.”

பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி அவருக்குக் காசு கொடுத்திருந்தேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர், நூலகர், கணவர் எல்லோரும் இருந்தார்கள். கடையின் பெயர்கூட இருந்தது. அவர் பெயர் இல்லை. பெண்களின் வாய்மொழி வரலாறு பற்றிய ஆய்வு அது.

இந்தக் கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்றார். நூலில் ஆயாவின் பெயரைப் போட வேண்டும், தட்டச்சு செய்தவர் என்று தன் பெயரையும் இனிஷியலோடு போட வேண்டும் என்றார். இரண்டையும் கடைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கோப்பை மூன்று இடங்களில் சேமித்திருக்கிறேன். அந்தச் சீட்டையும் படமெடுத்து அவற்றோடு வைத்திருக்கிறேன்.

களப்பணிக்குக் கிளம்பும் என் மாணவிகள் ரெக்கார்டருக்கு பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் ஏட்டை யார் தட்டச்சு செய்யப்போகிறார், அவரிடம் ஒரு பாட்டு கேட்டீர்களா என்று நான் கேட்கிறேன்.