ஓட்டில் ஓடும் மூன்று கோடுகள்

புதைபடிவமான ஆமை ஓட்டின் மேல் மூன்று வகைக் கோடுகள் இருக்கும். எலும்புத் தகடும் தகடும் சேரும் பொருத்து ஒன்று. உயிரோடிருந்தபோது மேலே மூடியிருந்த கொம்புச் செதில்களின் விளிம்பு பதிந்த பள்ளம் இன்னொன்று. மண்ணுக்குள் அழுந்திக் கிடந்த காலத்தில் விழுந்த விரிசல் மூன்றாவது. இவற்றைப் பார்த்தவுடன் பிரித்துச் சொல்ல வந்துவிட்டால் பாதித் தொழில் படிந்துவிட்டது என்பார், எனக்குப் புதைபடிவ வேலை கற்றுத்தரும் அம்மையார்.

நான் கற்றுக்கொண்டது அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், பேட்லேண்ட்ஸ் பகுதியில். புல்வெளி திடீரென்று அறுந்து, வெளிறிய மண்பாறைக் குன்றுகளாகச் சரியும் நிலம் அது. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வண்டலும் எரிமலைச் சாம்பலும் படிந்து உருவான புருலே அடுக்குகளில் ஸ்டைலெமிஸ் என்ற தரை ஆமையின் ஓடுகள் ஏராளம். 1851-லேயே ஜோசப் லெய்டி அதற்குப் பெயர் சூட்டிவிட்டார். ஏராளம் என்பதற்காக யாரும் எடுத்துப் போய்விட முடியாது. தேசியப் பூங்காவிலும் மற்ற மத்திய அரசு நிலங்களிலும் முதுகெலும்பிகளின் புதைபடிவத்தை அனுமதியின்றி எடுப்பது குற்றம். 2009-ல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. நாங்கள் வேலை செய்தது ஒரு பண்ணையாரின் சொந்த நிலத்தில், அவருடைய எழுத்துபூர்வமான சம்மதத்தோடு.

ஓட்டைத் தேடி நடப்பவருக்கு ஓடு அகப்படாது. சரிவின் அடியில் கிடக்கும் நகத்தளவு சில்லுகளைத்தான் தேட வேண்டும். சில்லின் உடைந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு புறமும் இறுகிய எலும்பு, நடுவில் துளைத்துளையாகப் பஞ்சுபோன்ற எலும்பு தெரியும். வெறும் கல்லில் அது இருக்காது. ஒரு சில்லு கிடைத்தால் அதற்கு மேலே அடுத்தது, அதற்கும் மேலே இன்னொன்று என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். சில்லுகள் எங்கே நின்றுபோகின்றனவோ, அந்த மட்டத்தில் ஓட்டின் விளிம்பு வெளியே எட்டிப் பார்க்கும். இந்தக் குன்றுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கரைகின்றன. மழை திறந்து காட்டும் ஓட்டை அதே மழைதான் சில்லாக்கிக் கீழே அனுப்புகிறது.

“ஆட்டிப் பார்க்காதே” என்பது முதல் பாடம். எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்று தெரியும் அளவுக்கு மட்டும் தூரிகையால் மண்ணைத் தள்ள வேண்டும். பிறகு அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 பிசினைத் தண்ணீர் பதத்தில் விரிசல்களுக்குள் சொட்டுச் சொட்டாக இறக்குவோம். நல்ல வெயிலில் அசிட்டோன் நொடியில் பறந்து, பிசின் உள்ளே போகாமல் மேலேயே தோலாக நின்றுவிடும். அதனால் குடை பிடித்துக்கொண்டுதான் வேலை. சுற்றிலும் பள்ளம் தோண்டினால் ஓடு ஒரு மண்திட்டின் மேல் நிற்கும். ஈர டிஷ்யூ தாளை அதன் மேல் பல மடிப்பாக ஒத்தி, பிளாஸ்டரில் முக்கிய சாக்குத்துணிப் பட்டைகளால் போர்த்துவோம். பிளாஸ்டர் எலும்பில் ஒட்டாமல் காப்பது அந்தத் தாள்தான். இறுகியதும் அடையாள எண்ணையும் வடக்குத் திசையையும் மேலே எழுதிவிட்டு, அடிமண்ணை அரிந்து, ஒரே மூச்சில் புரட்ட வேண்டும்.

புரட்டிய பிளாஸ்டர் பொதியை ஆய்வுக்கூடத்தில் மணல் மூட்டைகளின் மேல் அமர்த்தித் திறந்தால் முதலில் வருவது வயிற்றுப்புறம். அது உட்குழிந்திருந்தால் ஆணாக இருக்கலாம். மென்மையான மண்பாறைக்குப் பல் மருத்துவர்களின் கொக்கி ஊசியே போதும். எலும்பின் மேல் கெட்டியாகப் படிந்த கல்லுக்கு ஏர் ஸ்க்ரைப். அமுக்கிய காற்றில் அதன் முனை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும். முனையை எலும்பை நோக்கிக் குத்தாமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், கல் தானாகவே எலும்பை விட்டுக் கழன்று விழும். கடைசித் தூசியைப் போக்க, மூடிய பெட்டிக்குள் சமையல் சோடாத் தூளைக் காற்றோடு பீய்ச்சுவோம். முகமூடியும் தூசி உறிஞ்சும் குழாயும் இல்லாமல் இதில் எதையும் தொடக்கூடாது.

கோடுகள் தெளிவாகத் தெரிவது இந்தக் கட்டத்தில்தான். பொருத்து பல்வரிசைபோல வளைந்து வளைந்து போகும். செதில் பள்ளம் வழவழப்பாக, பொருத்துகளைக் கண்டுகொள்ளாமல் தகடுகளின் மேலேயே செல்லும். விரிசல் இரண்டையும் வெட்டிக்கொண்டு போகும். முதுகோட்டில் பக்கத்துக்கு எட்டு விலாத்தகடுகள். அவற்றை மூடிய பெரிய செதில்களோ பக்கத்துக்கு நான்குதான். பள்ளமும் பொருத்தும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. கொத்தனார் இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல் செங்கல் அடுக்குவதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இதிலும்: பலம்.

விரிசலைச் சுத்தம் செய்கிறேன் என்று ஊசியால் அகலப்படுத்தினால் அது பள்ளம்போல ஆகிவிடும். நாளைக்கு அளக்க வருபவர் இல்லாத செதில் ஒன்றைக் கணக்கில் சேர்த்துவிடுவார். பொருத்து அவருக்கு வயதைச் சொல்லும்: குட்டியில் திறந்திருக்கும், முதிர்ந்த ஆமையில் இறுகிச் சேர்ந்துவிடும். அதனால் நகர்ந்துபோன தகட்டைச் சேர்க்கும்போது பசை இல்லாமல் பற்களைப் பொருத்திப் பார்த்துத் திருப்தியான பிறகே ஒட்டுவோம். அதற்கும் அதே பிசின்தான், கெட்டியான பதத்தில். பிழை தெரிந்தால் அசிட்டோன் தொட்டு இளக்கிக்கொள்ளலாம். நொடியில் பிடிக்கும் பசையை அப்படி எளிதில் பிரிக்க முடியாது; அதனால் அதற்கு இங்கே வேலை குறைவு.

எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஓட்டுக்குள் அடைந்திருக்கும் கல்லை முழுவதும் குடைந்தெடுக்க எனக்கு ஆசை. உள்ளே கால் எலும்புகள் இருக்கலாம். தலை கிடைப்பது அபூர்வம். ஆனால் நொறுங்கிய கூரையைத் தாங்கி நிற்பதே அந்தக் கல்தான் என்பதால் பெரும்பகுதியை அப்படியே விட்டோம். விட்டுப்போன இடத்தை நிரப்பிய பூச்சுக்கும் எலும்பின் நிறத்தை அச்சு அசலாகக் கொடுக்கவில்லை; கிட்டே வந்து பார்ப்பவருக்கு எது ஆமை, எது எங்கள் கைவேலை என்று தெரிய வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு தாள் எழுத வேண்டும். எந்தச் சரிவில், எந்த அடுக்கில் கிடந்தது, எங்கே எந்தப் பிசின் போனது, எந்தத் துண்டை ஊகத்தில் வைத்தோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேலையைக் காட்டக் கூப்பிட்டால் அம்மையார் முதலில் கை நீட்டுவது அந்தத் தாளுக்குத்தான். அதை முழுக்கப் படித்து, இரண்டு கேள்வி கேட்டு, விடுபட்டதை என்னையே எழுதவைத்த பிறகுதான் ஓட்டின் பக்கம் திரும்புவார்.