கரிகாலனின் உறக்கமற்ற இரவுகள்

தமிழில் தொடர்கதையாக வந்து நிலைபெற்ற புதினங்களுள் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தலையாயது. 1950 அக்டோபர் முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், 'கல்கி' வார இதழில் அது வெளிவந்தது. நாமகிரிப்பேட்டையில் நாம் அதனைப் பயின்ற காலத்தில் ஐந்து பாகங்களும் ஒருங்கே கிடைக்கவில்லை. ஒருவர் ஒரு பாகத்தை முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தோம். மஞ்சள் காயும் களத்தருகே அமர்ந்து, அடுத்து நிகழவிருப்பது யாது என வாதிட்டோம்.

மந்திரவாதி ரவிதாசன், நள்ளிரவில் ஆந்தையின் அலறல், வானில் வால்நட்சத்திரம் என இளம் உள்ளத்தை ஈர்ப்பன அதில் பல. நண்பர் பலரும் வந்தியத்தேவனிடம் மனத்தைப் பறிகொடுத்தனர். நம் உள்ளமோ ஆதித்த கரிகாலனிடமே நின்றது. அவனுடைய தாய்வழிப் பாட்டன் திருக்கோவலூர் மலையமான். நம் ஊரார் நாளும் காணும் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் போரில் வீழ்த்திய திருமுடிக்காரியும் மலையமான் மரபினனே அன்றோ!

கரிகாலன் பழுதற்ற தலைவன் அல்லன். காயமுற்றுக் கிடந்த வீரபாண்டியனுக்காக நந்தினி உயிர்ப்பிச்சை வேண்டி மன்றாடுகிறாள். சினம் கண்ணை மறைக்க, அவன் பகைவனின் தலையைக் கொய்கிறான். வெற்றி அவனுடையதே, ஆயினும் அமைதி அவனைவிட்டு அகல்கிறது. மன்றாடிய அம்முகம் அவனை எங்கும் தொடர்கிறது. இறுதியில் கடம்பூர் மாளிகையில் அவன் உயிர் பிரிகிறது.

காட்டுமன்னார்கோவிலை அடுத்த உடையார்குடியில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது குறிக்கிறது. ஆயின் கொலைக்கான காரணத்தை அது கூறவில்லை. அவ்வெற்றிடத்தில் கல்கி நந்தினி என்னும் கற்பனை மாந்தரைப் படைத்து, மறுக்கப்பட்ட இரக்கத்தையே காரணமாக்கினார்.

வரப்புத் தகராறு ஒன்றில் உடன்பிறந்தார் இருவர் பல்லாண்டு பேசாதிருந்ததை நம் ஊரில் கண்டோம். வழக்கில் வென்றவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. தம்பியின் வீட்டுத் திருமணத்தன்று அவர் தம் திண்ணையிலேயே தனித்திருந்தார். அந்த முகத்தைப் புரிந்துகொள்ள நமக்குத் துணைநின்றவன் கரிகாலனே.

மாணவத் தோழர்களே! நற்பண்பினரை மட்டுமே நாடிக் கதை படியாதீர்கள். சினத்தால் தவறிய வீரனோடும் சில காலம் உடன் செல்லுங்கள். ஓங்கிய வாளை இறக்குவதற்கு எத்துணை வீரம் வேண்டும் என்பதை அவன் உங்களுக்கு உணர்த்துவான்.