வாத்தியார் எழுதிய ஒரு வரி

1984-ம் வருஷம். எங்கள் பெரியவன் மூன்றாம் வகுப்பு. ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன், டிபன்கூட வேண்டாம் என்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையில் இரண்டு தடிப்பு, கன்றிச் சிவந்து கிடந்தது. ஏழாம் வாய்ப்பாடு தடுமாறிவிட்டதாம்.

மறுநாள் வாத்தியாருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். அதே சீட்டின் பின்புறம் பதில் வந்தது, ஆங்கிலத்தில் ஒரே வரி. நானோ தமிழில் பத்தாவது வரை படித்தவள். இவர் ஆபீஸ் விட்டு வந்து அர்த்தம் சொன்னார்: "பிரம்பை ஒதுக்கினால் பிள்ளை கெட்டுப்போகும். பழமொழி. இங்கிலீஷ்காரன் சும்மாவா சொல்லியிருப்பான்?"

'அடியாத மாடு படியாது' என்று மாமியார் சொன்னபோது, "அது மாட்டுக்குத்தானேம்மா" என்று சிரித்தவள்தான் நான். ஆங்கிலம் என்றதும் அடங்கிப்போனேன். அதோடு விட்டேனா? அந்த வருஷம் முழுக்க, அவன் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதெல்லாம் என் மடியில் ஒரு விசிறி இருந்தது. காற்றுக்காக இல்லை, அதன் காம்புக்காக.

போன விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். காலேஜில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "பாட்டி, அந்த வரி எதுல இருக்கு தெரியுமா? ஒரு கேலிக் காவியத்துல!"

சாமுவேல் பட்லர் என்பவர் எழுதிய 'ஹூடிப்ராஸ்' அது. இரண்டாம் பாகம் 1664-ம் ஆண்டு என்று அச்சிட்டு வெளிவந்தது. ஹூடிப்ராஸ் ஒரு தற்பெருமைக்கார வீரன். கால்களை மரக்கட்டையில் மாட்டி அவனைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே வருகிறாள், அவன் காதலிக்கும் பணக்கார விதவை. விடுவிக்கிறேன், ஆனால் என்மேல் உள்ள காதலுக்காகச் சாட்டையடி வாங்கிக்கொள் என்கிறாள். காதல் என்பதே ஒரு சின்னப் பையன் என்றுதானே கவிஞர்கள் சொல்கிறார்கள், அவனுக்குப் பிரம்பைக் குறைக்கலாமா என்று கிண்டல் செய்கிறாள். அடி விழ வேண்டியது மீசை வைத்த மனுஷனுக்கு! என் பிள்ளைக்கு அல்ல.

இதன் வேர் பைபிளில் இருக்கிறது, மறுக்கவில்லை. நீதிமொழிகள் பதின்மூன்றாம் அதிகாரத்தில், பிரம்பை எடுக்காத தகப்பனைப் பற்றி வருகிறது. அதே சாயலில் ஆங்கிலத்தில் பட்லருக்கு முன்பும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வாத்தியார் எழுதியனுப்பிய அந்த வார்த்தைகள் கேலிக் காவியத்தில் அமைந்தவைதான். அந்த இங்கிலாந்திலேயே 1986-ல் சட்டம் போட்டு, மறு வருஷம் முதல் அரசுப் பள்ளிகளில் பிரம்பை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது.

ஆர்வம் வந்து மற்றதையும் கேட்டேன். 'தினம் ஒரு ஆப்பிள், டாக்டர் வேண்டாம்' என்கிறோமே, அது 1866-ல் அச்சில் வந்தபோது வேல்ஸ் நாட்டில் பெம்ப்ரோக் வட்டாரத்து வழக்காம். படுக்கப்போகும்போது ஆப்பிள் தின்றால் டாக்டர் பிழைப்பு போகும் என்பதுதான் அதன் பழைய வடிவம். ஆப்பிள் விளைகிற ஊர், ஆப்பிளைச் சொன்னார்கள். நாம் விலை கொடுத்து அதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. கொய்யாவில் அதைவிட வைட்டமின் சி ஏராளம்.

'குளித்த தண்ணீரோடு குழந்தையையும் கொட்டிவிடாதே' என்பது ஆங்கிலமே இல்லை. ஜெர்மன் மொழியில் தாமஸ் முர்னர் 1512-ல் எழுதிய புத்தகத்தில், ஒரு பெண் தொட்டியைக் கவிழ்க்கிற படத்தோடு வருகிறது. குடும்பமே ஒரே தண்ணீரில் குளித்து, கடைசியில் அழுக்கில் குழந்தை கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்று ஒரு கதை உலவுகிறதே, அது கட்டுக்கதை. எந்தத் தாய்க்காவது அப்படிக் கண் மறைக்குமா?

அன்று ராத்திரியே பெரியவனுக்கு போன் செய்து, அந்த வரி வந்த கதையைச் சொன்னேன். அவனும் சிரித்தான்.

"வாத்தியார் அடிச்சது எனக்கு ஞாபகமே இல்லம்மா. விசிறிதான் ஞாபகம் இருக்கு" என்றான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன்.