டேப்லெட் யார் கையில் இருந்தது?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் ஒரு வாரமாகத் துரத்தினார்கள். கவிதை நமக்கு வராது. அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.

நான்காம் செமஸ்டரில் ஒர்க்‌ஷாப்பிற்கு டேப்லெட் வந்தது. ஐந்து பேருக்கு ஒன்று. "இனிமே ரெக்கார்டே எழுத வேணாம்டா!" என்று குதித்தோம். (இன்றும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.) எங்கள் பேட்ச்சில் முதல் நாள் அதைக் கையில் வாங்கியவன் நான். கடைசி நாள் வரை விடவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல வாத்தியார் அது. லேத்தில் ஹாஃப் நட் ஏப்ரனுக்குள்ளே இருக்கிறது. வெளியே தெரிவது லீவர் மட்டும்தான். சார் போர்டில் எத்தனை தடவை வரைந்தும் என் மண்டையில் ஏறவில்லை. டேப்லெட்டில் ஏப்ரனை விரலால் தள்ளிவிட்டுப் பார்த்தேன். இரண்டு பாதி நட்டும் லீட் ஸ்க்ரூவைக் கவ்வ, கேரேஜ் நகருகிறது! லீட் ஸ்க்ரூ பிட்ச் 6 மி.மீ., வெட்ட வேண்டியது 2 மி.மீ. என்றால் டிரைவர் கியர் 20 பல், டிரிவன் 60 பல். வேண்டுமென்றே மாற்றிப் போட்டேன். 18 மி.மீ. பிட்ச் ஓடியது. நிஜ லேத்தில் செய்திருந்தால் டூலும் போயிருக்கும், சாரிடம் என் மானமும் போயிருக்கும்.

2011 அக்டோபரில் டில்லியில் வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட்டை அழுத்தினால்தான் வேலை செய்யும் என்பார் சார். இப்போதைய திரை தொட்டாலே போதும். ஆனால் கூலண்ட் ஈரம் பட்டால் பேய் பிடித்த மாதிரி தானாக ஓடும். "கை சுத்தமா இருக்கிறவன் மட்டும் தொடுங்கப்பா" என்றார். எனக்கு வசதியாகப் போய்விட்டது.

என் பெஞ்ச் நண்பனுக்குக் கை எப்போதுமே அழுக்கு. எங்கள் ஐந்து பேர் ஜாபையும் லேத்தில் பாதிக்கு மேல் முடித்துத் தந்தவன் அவன்தான். எட்டிப் பார்க்க வருவான். "இருடா, முடிச்சிட்டுத் தர்றேன்" என்பேன். தரமாட்டேன்.

பிராக்டிகல் பரீட்சையில் அவன் ஜாப் அழகாக வந்திருந்தது. வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்டது ஒன்றே: "லீவரைப் போட்டா உள்ளே என்னப்பா நடக்குது?" அவன் என்னைப் பார்த்தான். அடுத்த கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. அரியர். அந்த அரியரால் கேம்பஸ் இண்டர்வியூவுக்கு அவனால் உட்கார முடியவில்லை.

திட்டுவான் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியலடா, அது உன் கையிலதான இருந்துச்சு" என்றான். அவ்வளவுதான்.

மறுபரீட்சைக்கு முன் சாரிடம் கேட்டு டேப்லெட்டை அவனிடம் கொடுத்தேன். கையைப் பனியன் வேஸ்ட்டில் மூன்று தடவை துடைத்துக்கொண்டு வாங்கினான். ஏப்ரனைத் தள்ளி ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு லேத்துக்குப் போய் லீவரை மெதுவாகக் கீழே இறக்கி, "ம்… இப்ப கவ்வுது" என்றான்.