முதல் தண்ணீரைக் கொட்டிவிடு

மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, வேகிற நேரத்தில் பாட்டா அடுப்படி வாசலை விட்டு நகரமாட்டார். "முதல் தண்ணிய ஊத்திக் களையணும் மக்களே, மறக்கண்டாம்" என்பார் அம்மையிடம். அம்மைக்குத் தெரியாததா? ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவர் சொல்வார், அம்மையும் "சரி மாமா" என்பாள்.

வெள்ளறடைப் பக்கம் இப்படிக் கட்டளைகளுக்குக் குறைவே கிடையாது. விளக்கு வைத்த பிறகு பச்சிலை பறிக்காதே. பறிக்குமுன் செடியிடம் ஒரு வார்த்தை கேள். வெயில் ஏறுமுன் ரப்பர் வெட்டி முடி. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுபோனது. ஆனாலும் எல்லையில் நிற்கும் குரிசுமலைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் கட்டளைகள் மாறவில்லை. பனச்சமூடு சந்தையில் மீன் வாங்குகிறவர்கள் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்றா பார்க்கிறார்கள்?

ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோவின் 'கிரேப்ஃப்ரூட்' கைக்கு வந்தபோது பாட்டாவின் குரல்தான் காதில் விழுந்தது. 1964இல் டோக்கியோவில் ஓனோ தானே 500 பிரதிகள் போட்ட புத்தகம் அது. இரண்டு வரி, மூன்று வரி, எல்லாம் ஏவல். கவனி, தோண்டு, நினைத்துப்பார். ஆத்திசூடி சொல்லி வளர்ந்தவர்களுக்கு ஏவல் வினை கவிதையாவதில் அதிசயம் இல்லை. ஆனால் ஔவை நடக்கக்கூடியதைச் சொல்பவள். இந்த அம்மாள் மேகத்துக்குத் தோட்டத்தில் இடம் பண்ணச் சொல்கிறார்.

வங்கிக்காரர் வீட்டுப் பெண்ணின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட்டவர்கள் உண்டு. எனக்கும் அப்படிச் சொல்ல வாய் வந்தது. ஆனால் 1945 மார்ச்சில் டோக்கியோ குண்டுவீச்சில் எரிந்தபோது அவருக்கு வயது 12. பிறகு கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, சோறில்லாமல், தம்பியோடு மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தபடி என்னென்ன சாப்பிடலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறார். தன் முதல் கலைப்படைப்பு அதுவாக இருக்கலாம் என்று பின்னாளில் சொன்னார். அந்தப் புத்தகத்து வானம் பசித்த கண் பார்த்த வானம்.

அதே யுத்தம் இங்கேயும் வயிற்றில்தான் விழுந்தது. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ஜனங்களைக் காப்பாற்றியது மரச்சீனி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பியிருந்தார். விஷம் என்று பயந்தவர்களுக்கு, எப்படி வேகவைப்பது என்று அரண்மனையே சொல்லிக்கொடுத்ததாகக் கதை. கசப்பு வகையில் சயனைடு ஆகக்கூடிய சத்து உண்டு, வேகும் தண்ணீரில் அதில் நல்ல பங்கு இறங்கிவிடும். பாட்டாவுக்கு இந்த ரசாயனம் தெரியாது. அந்தப் பஞ்சத்தில் அவர் சிறுவன். பஞ்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். தண்ணீரைப் பற்றி மட்டும்தான்.

மரச்சீனி விளையில் பிறகு ரப்பர் வந்தது. காய் முற்றும் மாதங்களில், உச்சிவெயிலில், தோட்டம் முழுக்கப் பட்பட்டென்று வெடிச் சத்தம். தெறித்து விழுகிற விதை வழுவழுவென்று, பழுப்பில் புள்ளி தெளித்த மாதிரி இருக்கும். கல்லில் தேய்த்து அடுத்தவன் தொடையில் வைத்தால் சுடும். நாங்கள் பொறுக்கியது அதற்காகத்தான்.

ஓனோவும் விதையைப் பிடித்துக்கொண்டவர். 1968இல் பாடகர் ஜான் லெனனோடு இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயத்தில் இரண்டு ஓக் விதைகளைப் புதைத்தார். நினைவுப்பொருள் வேட்டைக்காரர்கள் தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறு வருடம் இருவரும் உலகத் தலைவர்களுக்கு விதை அனுப்பி நடச் சொன்னார்கள். 80 வயதில், 2013இல் வந்த ஏவல் கவிதைப் புத்தகத்துக்கு ஓக் விதையின் பெயரையே வைத்தார். அதில் பாதி வாழ்த்து அட்டை ஆறுதல், எனக்கு ஒட்டவில்லை. இயற்கையோடு சேரச் சொல்கிறவை தேறுகின்றன. மழையை, காற்றை, ஒரு இடத்தில் உட்கார்ந்து கேட்கவைக்கிறவை.

பாட்டாவின் கட்டளைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். விடியலில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறையும், இந்தக் காரணங்களையும் சேர்த்து எழுது, இல்லையென்றால் பிள்ளைகள் செய்யமாட்டார்கள் என்கிறான் அண்ணன். அவன் ரப்பர் வெட்டுகிறவன், அவன் சொல்வதில் நியாயம் உண்டு. நான் எழுதவில்லை. காரணம் தெரிந்தால் பையன் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவான். தெரியாவிட்டால், பாட்டா சொன்னது சரிதானா என்று பார்க்கவாவது விடியலில் தோட்டத்துக்குப் போவான்.