வழி வினவு படலம்

ஊருக்கு ஊர் பெயர்க்காரணம் தேடிப் புராணம் புனைவது நம்மவர் வழக்கம். சிம்பாங் ரெங்கத்துக்கு அத்தகைய புராணம் ஏதும் தேவையில்லை. மலாய் மொழியில் 'சிம்பாங்' என்றால் சந்தி. இரயில் நிலையம் அமைந்த ரெங்கத்துக்குப் பிரியும் கிளைச்சாலை, ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே தாய்லாந்து எல்லை வரை நீளும் முதலாம் கூட்டரசுச் சாலையைத் தொடும் இடமே இந்த ஊர். பெயரிலேயே வழியைச் சுமந்து நிற்கும் ஊரில் பிறந்தவர்களுக்குத் தொலைவு என்பது புதிதாக இராது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. சாலையோரத்தில் வாழ்பவர்கள் பெரும்பாலும் பிறர் போவதையும் வருவதையும் பார்த்தே காலம் கழித்துவிடுகின்றனர்.

அவர்களுள் ஒருவர் பொதுப்பணித் துறையில் சாலைப் பராமரிப்புத் தொழிலாளியாக முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, அறுபதாம் அகவையில் ஓய்வு பெற்றார். தந்தையார் பால்மரம் வெட்டிய தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அவர் பிறந்த லயம் இருந்த இடம் தெரியவில்லை. சாலையைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை எனலாம். மழைநீர் தேங்கும் ஓரம்தான் முதலில் அரித்துக் குழியாகும் என்பதையும், ஈரத்தில் வெள்ளைக்கோட்டின் மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும் என்பதையும், பெரிய லாரி எதிரே கடக்கும்போது காற்று முதலில் தள்ளிப் பின்னர் இழுக்கும் என்பதையும் உடம்பால் அறிந்தவர். ஆயினும் அவர் அறிந்த சாலை வடக்கே ஆயர் ஈத்தாமுக்கும் தெற்கே லாயாங்-லாயாங் பக்கத்துக்கும் இடைப்பட்ட சில மைல்களே. அவருடைய ஒரே தங்கை கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணிக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்ப் பல்லாண்டுகள் ஆகின்றன. அந்த வீட்டுக்கு அவர் போனதெல்லாம் இரவுப் பேருந்தில், திருமணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே. வழியில் என்ன இருந்தது என்று கேட்டால் இருட்டு இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்ற மறுமாதமே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தமது மோட்டார் சைக்கிளிலேயே தங்கை வீட்டுக்குப் போவது. அதுவும் நேர்வழியில் அன்று. கிழக்குக் கரையோரமாக ஏறி, நாட்டைச் சுற்றிக்கொண்டு போய், மேற்குப் பக்கமாகத் திரும்பி வருவது.

அவரிடம் இருந்ததோ நூறு சி.சி.க்கும் குறைந்த ஹோண்டா இ.எக்ஸ்.5. நம் நாட்டார் 'கப்சாய்' என்று செல்லமாக அழைக்கும் இனம். அதன் மூதாதையான சூப்பர் கப் 1958ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்தது. 2017ஆம் ஆண்டுக்குள் அந்த வரிசையில் பத்துக் கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. பால்வாளி சுமந்ததும், பள்ளிப்பிள்ளைகளை மூவராக ஏற்றிச் சென்றதும், மீனும் கீரையும் விற்றதும் இந்த வண்டிதான். நெடும்பயணத்துக்கு இது ஏற்றதா என்று ஐயுறுவோர் உண்டு. டெட் சைமன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் 1973இல் இலண்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றி வந்தார். புறப்படுவதற்குச் சற்று முன்னர்தான் அவர் வண்டி ஓட்டவே பழகினாராம். நாற்பது ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர் நாட்டைச் சுற்றுவதற்கு என்ன தடை?

தடை வீட்டில் இருந்தது.

முதல் திட்டத்தை அவர் தனியாகவே வகுத்தார். பேரனின் பள்ளி நிலப்படத்தை மேசையில் விரித்து, நூலால் அளந்து, கணக்கெழுதும் குறிப்பேட்டில் ஐந்தே வரிகளில் எழுதி முடித்தார். முதல் நாள் குளுவாங், மெர்சிங் வழியாகக் குவந்தான். இரண்டாம் நாள் கோத்தா பாரு. மூன்றாம் நாள் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வழியாகச் சுங்கைப் பட்டாணி. நான்காம் நாள் கோலாலம்பூர். ஐந்தாம் நாள் வீடு. ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர்; நாளொன்றுக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது. ஒவ்வொரு நாளும் புறப்படும் நேரம் காலை 6.30 என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார்.

குறிப்பேட்டைப் படித்த அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று இரவும் மறுநாளும் அந்த வீட்டில் பேச்சு இல்லை.

அந்த அம்மையாரின் மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அவருடைய தம்பி 1991ஆம் ஆண்டு, பனி மூடிய ஒரு காலையில், வேலைக்குப் போகும் வழியில் லாரியில் மோதி இறந்தார். நேரம் ஆறரை இருக்கும். வீட்டிலிருந்து இரண்டு மைல்கூட இல்லாத தொலைவு. அன்றாடம் போய்வந்த சாலை. லாரி ஓட்டுநர், "கண்ணுக்கே தெரியலையே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுததை ஊரே பார்த்தது. மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்னும் விதி 1992இல் நடப்புக்கு வந்தது. ஓராண்டு பிந்திய அந்த விளக்கை அவர் இன்றளவும் மன்னிக்கவில்லை. தலைக்கவசம் 1973லேயே கட்டாயமாகிவிட்டது. தம்பி அதை அணிந்துதான் இருந்தார்.

இது ஒரு குடும்பத்தின் துயரம் மட்டுமன்று. 2019ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் மாண்டோர் 6,167 பேர். அத்தகைய கணக்குகளில் ஐவருள் மூவருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களாகவே இருப்பர். தோட்டப்புறத்திலும் புறநகரிலும் கார் வாங்க இயலாத குடும்பங்களின் பிள்ளைகளே அந்த எண்ணிக்கையை நிரப்புகின்றனர் என்பதை எந்தத் தமிழாசிரியருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் ஒரு நாற்காலி திடீரென்று காலியாவதை அவர்கள் கண்டிருக்கின்றனர்.

மூன்றாம் நாள்தான் அம்மையார் வாய் திறந்தார். "என்னங்க, இதெல்லாம் யாரைக் கேட்டு எழுதுனீங்க?"

"யாரைக் கேக்கணும்? படத்துல இருக்கு."

"படம் போயிட்டு வந்துச்சா?"

கேள்வி சிறிது. ஆனால் தமிழ் இலக்கியத்தில் ஒரு துறையே அந்தக் கேள்வியின்மேல் நிற்கிறது. ஆற்றுப்படை என்பது வேறென்ன? போய் வந்தவன் போகப்போகிறவனுக்கு வழி சொல்லுதல். பரிசிலைப் பற்றிய புகழ்ச்சியையே தேர்வுக்காக மனனம் செய்யும் நம் மாணவர்கள், அவற்றுள் வழிக்குறிப்பு எவ்வளவு நுட்பமானது என்பதைக் கவனிப்பதில்லை. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் நன்னனிடம் செல்லும் கூத்தர்க்குச் சோற்றை மட்டுமா காட்டுகிறது? பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு ஒளிந்திருக்கும் குழி எங்கே, புனங்காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எப்பக்கம் வரும், எந்தப் பாறை வழுக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. இருளில் போகாதீர், தங்கியிருந்து விடிந்தபின் செல்லுங்கள் என்றும் தடுக்கிறது. சிலப்பதிகாரத்திலும் மாங்காட்டு மறையோன் மதுரைக்கு மூன்று வழிகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் உள்ள இடரையும் விரித்துரைக்கிறான். வழி வினவாமல் புறப்படுவது வீரமென்று நம் முன்னோர் கருதவில்லை போலும்.

அவர் வினவத் தொடங்கினார். கோத்தா பாரு வரை சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் ஒருவர் சந்தியில் உள்ள தேநீர்க்கடைக்கு வாரம் ஒருமுறை வருவார். முதல் திட்டத்தைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார்.

"அண்ணே, நான் உக்காந்து ஓட்டுறேன், தலைக்கு மேல கூரை இருக்கு. எனக்கே முதுகு விட்டுப்போவுது. நீங்க ஒரு நாளைக்கு முந்நூத்தைம்பதா?"

அவர் சொன்னவை பல. கரையோரச் சாலையில் கடற்காற்று பக்கவாட்டில் அறையும். வளைவுகளில் மணல் கிடக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. அந்நாள்களில் அப்பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்தில் அவருடைய லாரி நான்கு நாள் நகரவில்லை. கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்கு ஏறுமுன் ஜெலியிலேயே பெட்ரோல் நிரப்பிவிட வேண்டும். கெரிக் வரை நூற்றிருபது கிலோமீட்டருக்குக் காடும் மலையும்தான். காலையில் மூடுபனி விலகாமல் ஏறக்கூடாது. மாலையில் யானை சாலைக்கு வரும். யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காமல், தொலைவிலேயே நின்று வழிவிட வேண்டும்.

அந்த நெடுஞ்சாலையைப் பற்றிச் சாலைத் தொழிலாளிக்குத் தனி மதிப்பு உண்டு. 1970இல் வேலை தொடங்கி 1982இல் திறக்கப்பட்ட சாலை அது. இடைப்பட்ட ஆண்டுகளில் கம்யூனிஸ்டுத் தாக்குதலுக்கும் அஞ்சிக்கொண்டே மலையைக் குடைந்தனர். அதைப் பார்க்காமல் சாக விருப்பமில்லை என்று அவர் கடையில் பலமுறை சொன்னதுண்டு. அதைவிட, தம் சொந்தச் சாலையின் கதையையும் லாரி ஓட்டுநரிடம் அவர் பெருமையாகச் சொல்லத் தவறவில்லை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கத் தொடங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி இறுதியில் சிம்பாங் ரெங்கத்தைக் கடந்து ஜொகூர் பாருவை எட்டியது. ஐம்பத்தைந்தே நாள்கள்! அவர்களுள் பலர் வந்தது மிதிவண்டியில். டயர் கிழிந்தபின் இரும்பு வளையத்தின்மேலேயே ஓட்டினார்களாம். "அவனுங்க திட்டம் போட்டு வந்தானுங்க, நாம திட்டம் போடாம நின்னோம்" என்று தந்தையார் சொல்வது வழக்கம்.

பட்டறைச் சீனர் அளித்த அறிவுரை சுருக்கமானது. செயினும் பல்சக்கரமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரண்டு டியூப், ஒரு பிளக், பிரேக் கம்பி ஒன்று கையில் இருக்க வேண்டும். எண்ணெயைப் புறப்படும்போது ஒருமுறையும் சுங்கைப் பட்டாணியில் ஒருமுறையும் மாற்ற வேண்டும். சுமை பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கக்கூடாது. மேற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லையென்று ஆசைப்பட்டு ஏறிவிடாமல், பழைய சாலையிலேயே வர வேண்டும். 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வண்டிகள் பறக்கும் வேகத்துக்கு நடுவே கப்சாய் ஊர்வது தற்கொலைக்கு ஒப்பு என்பது அவர் கட்சி. பழைய சாலைக்கு வேறொரு நன்மையும் உண்டு. தைப்பிங், ஈப்போ, தாப்பா, தஞ்சோங் மாலிம் என்று ஊர்களின் நடுவே நுழைந்து போகும். பத்து மைலுக்கு ஒரு பட்டறையும் ஒரு சாப்பாட்டுக்கடையும் கிடைக்கும்.

தங்கையிடமும் தொலைபேசியில் கேட்டார். அவர் சொன்ன ஒரு செய்தி திட்டத்தையே மாற்றியது. "அண்ணே, இங்க வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்னைக்கு வந்தீங்கன்னா பிள்ளைங்க எல்லாம் வீட்டுல இருக்கும்." திரெங்கானுவிலும் கிளந்தானிலும் வெள்ளியன்று பட்டறைகள் பல மூடியிருக்கும் என்பதும் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. ஆகவே சனிக்கிழமை புறப்பாடு. நாளொன்றுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இல்லை. மாலை ஐந்து மணிக்குப் பின் வண்டி ஓடாது. செவ்வாயன்று கோத்தா பாரு; புதனன்று ஜெலி வரை நூறே கிலோமீட்டர், மறுநாள் மலைச்சாலைக்குப் புத்துணர்வோடு ஏறுவதற்காக. வியாழன் கெரிக். வெள்ளி நண்பகலில் தங்கை வீடு. அங்கே இரண்டு நாள் ஓய்வு; அதில் அரைநாள் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு. 1025இல் இராசேந்திர சோழன் படை நடத்திய கடாரம் அப்பகுதியே என்று பேரனின் வரலாற்று ஆசிரியர் சொல்லியிருந்தார். கடல்கடந்து வந்தவர்களின் தடத்தைச் சாலை வழியாக வந்து பார்ப்பதில் அவருக்கு ஓர் இன்பம். ஐந்து நாள் திட்டம் பதின்மூன்று நாளாக நீண்டது. ஏப்ரல் மாதம் குறிக்கப்பட்டது. சாலை வரியும் காப்புறுதியும் அதற்குள் முடியாதவாறு பார்த்துக்கொண்டார்.

இரண்டாம் திட்டத்தை அவர் அடுப்படிச் சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவது, எத்தனை மணிக்குத் தொலைபேசியில் அழைப்பது என்பதும் அதில் இருந்தது. அம்மையார் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் ஒரு வாரம் நடமாடினார். சம்மதம் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

எட்டாம் நாள் காலை தேநீர் குடிக்க வந்தவர் தாளில் ஒரு மாற்றத்தைக் கண்டார். இரண்டாம் திட்டத்திலும் பழக்கத்தால் எழுதியிருந்த 6.30 முதல் வரியில் அடிக்கப்பட்டு, மேலே 8.00 என்று பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. கீழே வந்த எல்லா நாள்களிலும் அதே திருத்தம். தாளின் அடியில் கோணல் மாணலான எழுத்தில், 'முறுக்கு, மைலோ டின் ஒன்று, தங்கச்சிக்கு' என்று கண்டிருந்தது.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. தேநீரை வைத்துவிட்டு வெளியே போய், வண்டியின் பின்பெட்டியைத் திறந்து, மைலோ டின் உள்ளே வைத்தால் மழைச்சட்டையை எங்கே கட்டுவது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.