நடக்கிற தூரத்தில் ஒரு மண்டபம் – சில குறிப்புகள்

பிரிக்பீல்ட்ஸில் கலை வளர்ந்ததற்கு நான் சொல்லும் முதல் காரணம், வேலையும் வீடும் கோயிலும் நடக்கிற தூரத்தில் இருந்தது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின் நகரைச் செங்கல்லால் கட்டச் சொன்னார்கள். செங்கல் அறுத்த இடம் இது. பிறகு ரயில்வே வந்தது. யாழ்ப்பாணத்துக் கிராணிமார், தமிழகத்துத் தொழிலாளிகள், அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ். வேலை முடிந்து பத்து நிமிடத்தில் வீடு. மாலைப்பொழுது முழுசாகக் கையில் இருந்தது. அந்த மாலைகளில்தான் பாட்டு வகுப்பும் நாடக ஒத்திகையும் நடந்திருக்கின்றன. இன்று ரவாங்கிலிருந்தும் செமினியிலிருந்தும் வேலைக்கு வருகிற பையனுக்கு அந்த மாலை நெடுஞ்சாலையில் போய்விடுகிறது.

*

ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயிலின் கலாமண்டபம். எத்தனை பெண்பிள்ளைகளின் அரங்கேற்றம்! 1904-இல் கட்டிய விவேகானந்தா ஆசிரமமும் பக்கத்திலேயே. அந்த வளாகத்தில் அடுக்குமாடி எழும்பப்போவதாக 2014-இல் செய்தி வந்தபோது மக்கள் விடவில்லை. கட்டடம் தப்பியது. 1905-இல் கட்டிய ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, இடித்துவிட்டார்கள்.

*

ஜாலான் பெர்ஹாலாவில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் எண்ணத்தில் 1981-இல் பிறந்தது. பரதம், ஒடிசி, கர்நாடக இசை, தபேலா. கூடவே அன்னலட்சுமி உணவகம். அங்கே சாப்பிட்டுவிட்டு மனசுக்குப் பட்டதைக் கொடுக்கலாம். ஆடுகிற பிள்ளைக்கும் அழைத்துவந்த அம்மாவுக்கும் ஒரே கூரையின்கீழ் சோறும் சுருதியும் கிடைப்பது சின்ன விஷயமில்லை. வெள்ளைப் பாம்புப் பெண்ணின் சீனக் கதையை நம் நாட்டியத்தில் மேடையேற்றியதும் இவர்கள்தாம். சீனக் கோயிலும் நம் கோயிலும் பௌத்த விகாரையும் அடுத்தடுத்து இருக்கிற வட்டாரத்தில் அந்த எண்ணம் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

*

புத்தகம் எழுதுகிறவனுக்கு எது மண்டபம்? விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள டான் ஸ்ரீ சோமா அரங்கம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து தூரமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடம் அது. பால் மரம் வெட்டியவர்களின் பத்து வெள்ளி இன்று தமிழ் நூலுக்கு மேடை போட்டிருக்கிறது.

வெளியீட்டில் நடப்பதைக் கவனியுங்கள். முதல் நூல் பெறுநர் உறையோடு மேடையேறுவார். பின்னால் வரிசை: ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற கிராணிமார், சங்கத்துக்காரர்கள். விலை முப்பது வெள்ளி என்றால் உறையில் ஐம்பதோ நூறோ இருக்கும். அச்சுக்கூலி அன்றைக்கே திரும்பிவிடும். ‘தமிழ் நேசன்’ 1924-இலிருந்து 2019 வரை வந்து நின்றுவிட்டது. அதன் ஞாயிறுப் பக்கங்களில் எழுதிப் பழகியவர்களில் பலரை அந்த வரிசையில் இன்றும் பார்க்கலாம். இந்த வரிசை இருக்கும்வரை மலேசியத் தமிழ் நூல் அச்சேறும்.

*

பிரிக்பீல்ட்ஸின் லிட்டில் இந்தியா: 2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் திறந்துவைத்தார்கள். வளைவும் வண்ணமும் வந்தன, வாடகையும் ஏறியது. பூக்கட்டுகிறவரும் தையற்காரரும் நெருக்கப்பட்டால் அரங்கேற்றத்துக்குச் சரமும் உடுப்பும் எங்கிருந்து வரும்? வளைவைவிட அவர்களுடைய ஒட்டுக்கடைகள் முக்கியம்.

*

மண்டபம் இல்லாத பிள்ளை எங்கே போவான் என்ற கேள்வியோடு ‘ஜகாட்’ (2015) படத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம். தோட்டத்திலிருந்து பெயர்ந்து புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த குடும்பம், கற்பனை பொங்கும் பையன் அப்போய். பள்ளியிலும் அடி, வீட்டிலும் அடி. அவனை இழுத்துக்கொள்ள குண்டர் கும்பல் மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தோட்டத்தில் கோயிலும் திடலும் கூத்தும் இருந்தன. பெயர்த்தபோது ஆட்களை மட்டும்தான் பெயர்த்தார்கள்.

*

கிள்ளான். தெங்கு கிளானா சாலையின் சேலைக்கடைகளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது உருமி மேளக் குழுக்கள். ஒரு மேம்பாலத்தின் அடியில் பயிற்சி நடந்ததைப் பார்த்தேன். வளைந்த குச்சியை ஒருவன் இடது தோலில் அழுத்தித் தேய்க்கிறான், உருமி உறுமுகிறது, வலப்பக்கத்தில் நேர்க்குச்சி. தப்பு பிடித்த சின்னவன் தாளம் தப்பியதும் எல்லாரும் நிறுத்தி, அவனுக்காக மெதுவாக மறுபடி தொடங்கினார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. குருகுலத்தில் நடப்பதும் இதுதான். தைப்பூசத்தில் பத்துமலைக்குக் காவடியோடு போகிற இந்த இசைக்கு, தாமானில் பயிற்சி செய்ய இடமில்லை. சத்தம் என்று புகார் வருகிறது. நம்மில் சிலரே இவர்களை ரவுடிகள் என்று ஒதுக்குகிறோம். அது அநியாயம்.

*

கோயில் தலைவர்களுக்கும் செயலவையினருக்கும் ஒரு வேண்டுகோள். கல்யாணம் இல்லாத வாரநாட்களில் உங்கள் மண்டபம் பூட்டியே கிடக்கிறது. செவ்வாயோ புதனோ, ஒரு மாலை, ஏழிலிருந்து ஒன்பதரை வரை, வாடகையில்லாமல் உங்கள் தாமான் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். உருமிக்காரப் பையன்களையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்.